சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41-121: இந்த தோல்வி 2024-ல ஆரம்பிக்கல

2024 சீசன்ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 மேட்ச் ஆடி 41 ஜெயிச்சாங்க, 121 தோத்தாங்க. 1901-க்கு அப்புறம் மேஜர் லீக் பேஸ்பால்ல ஒரே சீசன்ல எந்த டீமும் இவ்ளோ தோத்தது கிடையாது. அதுவரைக்கும் அந்த "பெருமை" 1962 நியூயார்க் மெட்ஸ்கிட்ட இருந்துச்சு, 40-120. ஆனா மெட்ஸுக்கு அதுதான் முதல் வருஷம், மத்த டீமுங்க வேணாம்னு விட்ட ஆளுங்கள பொறுக்கி அவசரமா கட்டுன டீம். சாக்ஸ் கதை அப்படியா? 1901-லேந்து ஆடுற டீம், 2005-ல வேர்ல்ட் சீரீஸ் அடிச்ச டீம், அமெரிக்காவோட மூணாவது பெரிய ஊர்ல இருக்கிற டீம், எல்லாத்துக்கும் மேல 2021-ல 93 மேட்ச் ஜெயிச்சு டிவிஷன் டைட்டில் எடுத்த டீம். மூணே வருஷத்துல 93-லேந்து 41-க்கு வந்து நிக்குது.

இத வெச்சு ஃபேன்ஸ் போடுற சண்டை இன்னும் ஓயல. ஓனர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப்தான் காரணம்னு ஒரு பெரிய கூட்டம். பழைய ஜிஎம் (ஜெனரல் மேனேஜர், ஆள் எடுக்கிறது விக்கிறதெல்லாம் பாக்குறவர்) ரிக் ஹான்தான் எல்லாத்தையும் கெடுத்தான்னு இன்னொரு கூட்டம், புது ஜிஎம் க்ரிஸ் கெட்ஸுக்கு அனுபவமே இல்லன்னு சிலர், மேனேஜர் (நம்ம ஊர் கோச் மாதிரி, மேட்ச்ச நடத்துறவர்) பெட்ரோ க்ரிஃபோலுக்கு டீம நடத்தவே தெரியலன்னு சிலர், கடைசியா "அட காயம்யா, எல்லாருக்கும் காயம், என்ன பண்ணுவான்"னு ஒரு சின்ன கூட்டம். எல்லாரும் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா பாதிப் பேரு 2024-ஐ மட்டும் தோண்டிட்டு இருக்காங்க. என்னைக் கேட்டா இந்த டீம் உடைஞ்சது ஜெயிச்சுட்டு இருந்தப்போ, 2019-லேந்து 2021 வரைக்கும். 2024-ல வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான்.

ரீபில்டு எப்படி ஆரம்பிச்சுது

ரீபில்டுன்னா பெரிய ஆளுங்கள வித்து இளசுங்கள வெச்சு டீம புதுசா கட்டுறது. 2016 டிசம்பர்ல ஸ்டார் பிட்சர் (பால் போடுறவர்) கிறிஸ் சேல பாஸ்டனுக்கு ட்ரேட் பண்ணாங்க, யோவான் மொன்காடாவும் மைக்கேல் கோபெக்கும் வந்தாங்க. அதே வாரம் ஆடம் ஈட்டன வாஷிங்டனுக்கு கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங்னு மூணு பிட்சர் எடுத்தாங்க. 2017 ஜூலைல ஹோஸே கின்டானாவ ஊருக்குள்ளயே இருக்கிற எதிரி கப்ஸுக்கு கொடுத்து எலோய் ஹிமேனெஸும் டிலன் சீஸும். நடுவுல கியூபாலேந்து லூயிஸ் ராபர்ட்ட 2.6 கோடி டாலர் போனஸ் கொடுத்து தூக்கினாங்க. அப்போ லீக்லயே டாப் ஃபார்ம் சிஸ்டம் (இளசுங்கள வளர்க்குற கீழ் லீக் டீமுங்க)னு எல்லாரும் கொண்டாடினாங்க, கொண்டாடினதுல தப்பும் இல்ல, ட்ரேட் ஒவ்வொண்ணும் நல்ல ட்ரேட்தான்.

அடுத்து இந்தப் பசங்க பெருசா வளர்றதுக்கு முன்னாடியே லாங் டெர்ம் கான்ட்ராக்ட் போட்டாங்க. எலோய்க்கு 4.3 கோடி டாலர், ராபர்ட்டுக்கு 5 கோடி, ரெண்டுமே மேஜர் லீக்ல ஒரு பால் கூட ஆடுறதுக்கு முன்னாடி. மொன்காடாவுக்கு 7 கோடி. சம்பளம் கம்மியா லாக் ஆயிடும், மிச்சப் பணத்துல வெளிலேந்து பெரிய ஆள் வாங்கலாம், இதான் கணக்கு. முதல் பாதி நடந்துச்சு, ரெண்டாவது பாதி நடக்கவே இல்ல, சாக்ஸ் ஃபேன் யாரைக் கேட்டாலும் வயிறு எரியிற இடம் இது.

2018-19 குளிர்காலத்துல மேனி மச்சாடோவ புடிக்கணும்னு அலைஞ்சாங்க. மச்சாடோவோட மச்சான் யோண்டர் அலோன்சோவ ட்ரேட்ல எடுத்தாங்க, நண்பன் ஜான் ஜேவயும் சைன் பண்ணாங்க, சொந்தக்காரன் இருந்தா வருவான்னு ஒரு நம்பிக்கை. ஆஃபர் 8 வருஷம் 25 கோடி டாலர். சான் டியாகோ 10 வருஷம் 30 கோடி கொடுத்துச்சு, அவன் அங்க போயிட்டான். அலோன்சோ .178 பேட்டிங் ஆவரேஜ்ல (ஆயிரம் தடவைக்கு 178 ஹிட்) அடிச்சுட்டு பாதி சீசன்ல வெளிய போனான். அதே சான் டியாகோவுக்குத்தான் 2016-ல வயசான ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் ஒருத்தருக்காக ஃபெர்னாண்டோ டட்டிஸ் ஜூனியர்ங்கிற 17 வயசு பையன கொடுத்திருந்தாங்க. இந்த டீமோட சரித்திரத்துல பெரிய ஃப்ரீ ஏஜென்ட் (கான்ட்ராக்ட் முடிஞ்சு எந்த டீமுக்கும் போகக்கூடிய ஆள்) கான்ட்ராக்ட் எதுன்னு கேட்டா ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு 2023 ஜனவரில கொடுத்த 7.5 கோடி. மத்த டீமெல்லாம் 30 கோடி, 40 கோடின்னு எழுதிட்டு இருக்கிற காலத்துல இவங்க 10 கோடியக்கூட தொட்டதில்ல.

ஒரே பொசிஷனுக்கு அஞ்சு பேர்

நான் ரொம்ப நேரம் பேச விரும்புறது இத பத்திதான், ஏன்னா ஓனர் கஞ்சன்னு திட்டுறது ஈஸி, ஆனா இருக்கிற பணத்துலயே ரோஸ்டர ஒழுங்கா கட்டாதது ஹானோட ஆஃபீஸ் தப்பு.

2021 டீம பாருங்க. ஃபர்ஸ்ட் பேஸ்ல ஹோஸே அப்ரேயு, 2020 எம்விபி (லீக்கோட சிறந்த ப்ளேயர்), அவர நகர்த்த முடியாது. 2019 ட்ராஃப்ட்ல (டீமுங்க புதுப் பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்கிறது) மூணாவது பிக்ல எடுத்த ஆண்ட்ரூ வான், அவனும் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். கேவின் ஷீட்ஸ், அவனும் அதே. எலோய் பேருக்கு லெஃப்ட் ஃபீல்டர், ஆனா கிளவுஸ் போட்டா எல்லாரும் கண்ண மூடிக்குவாங்க, பேட் மட்டும் புடிக்க வேண்டிய ஆளு. கேட்சர் க்ராண்டாலுக்கு முட்டி வலிச்சா அவருக்கும் ரெஸ்ட் கொடுக்க அதே இடம்தான். ஐபிஎல் ஏலத்துல அஞ்சு ஓப்பனர வாங்கிட்டு அதுல ஒருத்தன் கைல கீப்பிங் கிளவுஸ கொடுத்து நிக்க வெச்ச மாதிரி ஒரு டீம்.

இதோட விலை 2021 மார்ச்லயே தெரிஞ்சுது. ஸ்ப்ரிங் ட்ரெய்னிங், ரிசல்ட்ட யாருமே ஞாபகம் வெச்சுக்காத ப்ராக்டிஸ் மேட்ச், ஓக்லண்ட் பேட்ஸ்மேன் அடிச்ச பால் சுவத்த தாண்டி போகுது, எலோய் ஓடிப்போய் கைய சுவத்துக்கு மேல தூக்கி எம்பினான். பால் போயிடுச்சு, நெஞ்சுத் தசை கிழிஞ்சுது, ஜூலை கடைசி வரைக்கும் ஆள் இல்ல. சரி அந்த இடத்துல யார போடுறது? ஃபார்ம்ல லெஃப்ட் ஃபீல்டர் யாரும் ரெடியா இல்ல. சீசன் ஆரம்பிக்க சில நாள் இருக்கும்போது வான கூப்பிட்டு அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினாங்க. முழு ரூக்கி, ட்ரிபிள் ஏ-ல (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ இருக்கிற லீக்) ஆடினதே இல்ல, மேஜர் லீக் பிட்சிங்க கத்துக்கணும், கூடவே தெரியாத பொசிஷனையும் கத்துக்கணும். அந்தப் பையன் அதுக்கப்புறம் சிகாகோல எதிர்பார்த்த அளவுக்கு வளரவே இல்ல, 2025 ஜூன்ல மில்வாக்கிக்கு போனான், போன உடனே அடிக்க ஆரம்பிச்சுட்டான். சாக்ஸோட ப்ளேயர் டெவலப்மென்ட் பத்தி வேற யாரும் வேற எதுவும் சொல்லத் தேவையில்ல.

செகண்ட் பேஸும் இதே கதைதான். 2018-ல நாலாவது பிக்ல எடுத்த நிக் மேட்ரிகல் இருந்தான், 2021 ஜூலைல அவனையும் கோடி ஹியூவரையும் கப்ஸுக்கு கொடுத்து க்ளோசர் (கடைசி இன்னிங்ஸ் போட்டு மேட்ச்ச முடிக்கிற பிட்சர்) க்ரெய்க் கிம்ப்ரல வாங்கினாங்க. சாக்ஸ்ல ஏற்கனவே லியம் ஹென்ட்ரிக்ஸ்னு சூப்பர் க்ளோசர் இருக்கும்போது. கிம்ப்ரல் எட்டாவது இன்னிங்ஸ்ல வந்து அடி வாங்கினார், அடுத்த ஏப்ரல்ல அவரையும் ஏ.ஜே. போலக்குக்கு மாத்திட்டாங்க. அதே குளிர்காலம் கார்லோஸ் ரோடான், 13 ஜெயிப்பு 5 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா கொடுத்த ரன்) 2.37 போட்ட பிட்சர், அவனுக்கு குவாலிஃபையிங் ஆஃபர் (ஒரு வருஷத்துக்கு ஃபிக்ஸ் பண்ண சம்பளத்துல கூப்பிடுறது) கூட கொடுக்கல. கொடுத்து அவன் வேணாம்னு போயிருந்தா பதிலுக்கு ஒரு ட்ராஃப்ட் பிக்காவது வந்திருக்கும். ஒண்ணும் இல்லாம போனான். ஜெயிக்கிற டீமுக்கு பின்னாடி ரெண்டாவது வரிசைன்னு ஒண்ணு வேணும்ல, அது இப்படித்தான் ஒவ்வொரு செங்கல்லா காணாம போச்சு.

லா ரூஸா

2020-ல 35-25 வெச்சு ப்ளேஆஃப் போன மேனேஜர் ரிக் ரென்டீரியாவ அனுப்பினாங்க. சமீபத்துல டைட்டில் ஜெயிச்ச இடத்துலேந்து ஆள் வேணும்னு ஹான் வெளிப்படையாவே சொன்னார், எல்லாரும் ஹூஸ்டனுக்கு டைட்டில் வாங்கிக் கொடுத்த மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச்சுன்னு முடிவே பண்ணிட்டாங்க. வந்தது 76 வயசு டோனி லா ரூஸா. ஹால் ஆஃப் ஃபேமர், மறுக்கல, ஆனா கடைசியா டீம் நடத்துனது 2011-ல. 1986-ல சாக்ஸ் மேனேஜரா இருந்த அவர நீக்க விட்டது தப்புன்னு ரைன்ஸ்டார்ஃப் மனசுல பல வருஷமா இருந்துச்சு, அந்தக் கடன 2020-ல அடைச்சார், பில் மட்டும் ஃபேன்ஸ் கட்டினாங்க.

2021-ல 93 ஜெயிச்சாரேன்னு லா ரூஸா ஆளுங்க சொல்வாங்க. அந்த டீமும் அந்த வீக்கான டிவிஷனும் இருந்தா நிறைய பேர் ஜெயிச்சிருப்பாங்க, அக்டோபர்ல ஹூஸ்டன்கிட்ட 3-1-ல சுருண்டதும் அதே டீம்தான். 2022 ஜூன் 9 டாட்ஜர்ஸ் மேட்ச்ச மட்டும் எடுத்துக்கோங்க. ட்ரே டர்னர் பேட்டிங், கவுண்ட் 1-2, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் போட்டா அவுட், அந்த நேரத்துல லா ரூஸா அவனுக்கு இன்டென்ஷனல் வாக் (வேணும்னே ஃபர்ஸ்ட் பேஸ சும்மா விட்டுக் கொடுக்கிறது) கொடுக்கச் சொல்றார். ஸ்டேடியத்துல ஒருத்தர் கத்துறது டிவிலயே கேட்டுச்சு. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூணு ரன் ஹோம் ரன் தூக்கினான். மேட்ச் முடிஞ்சப்புறமும் அது சரியான முடிவுதான்னு நின்னார் மனுஷன். அந்த வருஷம் 81-81. உடம்பு சரியில்லாம ஆகஸ்ட் கடைசில அவர் ஒதுங்கினார்.

வேணாம்னு விட்ட ஹின்ச் என்ன ஆனார்? லா ரூஸாவ அறிவிச்ச மறுநாளே டெட்ராய்ட் டைகர்ஸ் அவர எடுத்துச்சு. 2024 செப்டம்பர் 27, டெட்ராய்ட்ல 4-1-னு தோத்ததுதான் சாக்ஸோட 121-வது தோல்வி. அந்த ஜெயிப்புலதான் ஹின்ச்சோட டைகர்ஸ் 2014-க்கு அப்புறம் முதல் தடவையா ப்ளேஆஃப் போச்சு. எவனாவது கதைல எழுதினா ஓவரா இருக்குன்னு சொல்லியிருப்போம்.

100 சரி, 121 எப்படி?

2023-ல 61-101. ஆகஸ்ட்ல ஹானையும் அவருக்கு மேல இருந்த கென்னி வில்லியம்ஸையும் தூக்கினாங்க, வெளிய யாரையும் தேடாம ஒன்பது நாள்ல உள்ளேயே இருந்த கெட்ஸ ஜிஎம் ஆக்கினாங்க. 2016-லேந்து ஃபார்ம் பாத்துக்கிட்டது அவர்தான்னும்போது ஃபேன்ஸ் காண்டானது நியாயம். வந்த கொஞ்ச நாள்ல இந்த டீம் எனக்குப் பிடிக்கலன்னு பேட்டியிலயே சொன்னார், சரி, உண்மைய பேசுறான்யான்னு நானும் நினைச்சேன். அப்புறம் அவர் வாங்கினது மார்ட்டின் மால்டொனாடோ, பால் டியாங், நிக்கி லோபஸ் மாதிரி ஆளுங்க. டிஃபென்ஸ் நல்லா இருக்கும்னு சொன்னாங்க. மால்டொனாடோ .119 அடிச்சார். பிட்சர் பேட் புடிச்ச காலத்துல பிட்சர்ஸே சில பேர் அதுக்கு மேல அடிச்சாங்க.

மோசமான டீம் 100 தோக்கும், அது புரியுது. 121-ங்கிறது வேற. ரன் கணக்கு பாருங்க: சாக்ஸ் அடிச்சது 507, கொடுத்தது 813, வித்தியாசம் மைனஸ் 306. இந்த வித்தியாசத்துக்கு வழக்கமான ஃபார்முலா போட்டா 45-லேந்து 48 மேட்ச் ஜெயிச்சிருக்கணும். 2025-ல கொலராடோ ராக்கீஸ் மைனஸ் 424, சாக்ஸ விட ரொம்பக் கேவலம், ஆனா அவங்க தோத்தது 119. அப்போ சாக்ஸ் எங்கயோ இன்னும் அஞ்சாறு மேட்ச்ச சும்மா கீழ போட்டிருக்காங்க.

போட்டது கடைசி இன்னிங்ஸ்கள்ல. பிட்சர் கேரெட் க்ரோஷே மாதிரி ஒருத்தன் அஞ்சு இன்னிங்ஸ் கட்டி ஆண்டுட்டு போவான், புல்பென் (அடுத்து வர்ற மாற்று பிட்சர்ஸ் இருக்கிற இடம்) கதவு திறக்கும், அத்தோட சரி. சீசன் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கூட ஆகல, எலோய், ராபர்ட், மொன்காடா மூணு பேரும் காயத்துல படுத்தாச்சு. மொன்காடா வருஷம் முழுக்க ஆடினது 12 மேட்ச். காயம் எல்லா டீமுக்கும் வரும், ஆனா மத்த டீம்ல ட்ரிபிள் ஏ-லேந்து ஒருத்தன் வந்து ஒப்பேத்துவான். இங்க வர்றதுக்கு ஆள் இல்ல, மேல சொன்ன ரெண்டாவது வரிசை 2021-லயே காலி. முதல் 25 மேட்ச்ல 3-22.

அதிர்ஷ்டமும் சேர்ந்து கைவிட்டுச்சுங்கிறதயும் ஒத்துக்கணும். மே 23, பால்டிமோர் மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ்ல நாலு ரன் பின்னாடி இருந்து ரெண்டு ரன் அடிச்சு 8-6-னு வந்தாச்சு, ரெண்டு பேர் பேஸ்ல, ஒரு அவுட். பெனின்டெண்டி தூக்கி அடிக்கிறான், இன்ஃபீல்டு ஃப்ளை (பக்கத்துலயே மேல போற ஈஸி கேட்ச், புடிக்கிறதுக்கு முன்னாடியே அவுட் கொடுத்துடுவாங்க), பேட்ஸ்மேன் அவுட், சரி இன்னொரு சான்ஸ் இருக்கு. செகண்ட் பேஸுக்கு திரும்பிட்டிருந்த வான் ஷார்ட்ஸ்டாப்போட வழில வந்துட்டான்னு அம்பயர் இன்டர்ஃபியரன்ஸ் கொடுத்தார், அவனும் அவுட், மேட்ச் ஓவர். ஷார்ட்ஸ்டாப் பால அலட்டிக்காம புடிச்சுட்டான், அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. பால் காத்துல இருக்கும்போதே தோத்த டீம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

ஜூலை 10-லேந்து ஆகஸ்ட் 5 வரைக்கும் வரிசையா 21 தோல்வி, 1988 பால்டிமோர் வெச்சிருந்த அமெரிக்கன் லீக் ரெக்கார்ட சமன் பண்ணினாங்க. 6-ஆம் தேதி ஓக்லண்ட்ல 5-1 ஜெயிச்சு ஸ்ட்ரீக் முடிஞ்சுது, 8-ஆம் தேதி க்ரிஃபோல நீக்கினாங்க. 28-89 அப்போ. ஜெயிச்சப்புறம் ஏன் நீக்குறாங்கன்னு கேக்காதீங்க, இந்த டீம்ல டைமிங்னு ஒண்ணு எப்பவுமே கிடையாது. க்ரிஃபோல் மோசமான மேனேஜர், அதுல எனக்கு சந்தேகம் இல்ல, ஆனா அப்புறம் வந்த கிரேடி சைஸ்மோர் 13-32. ஆள மாத்தினா மாறுற கணக்கு இல்ல இது.

செப்டம்பர்ல 120-வது தோல்வி சான் டியாகோவுல, மச்சாடோவும் டட்டிஸும் சீஸும் இருக்கிற டீம்கிட்ட. அப்புறம் ஊருக்கு வந்து ஏஞ்சல்ஸோட மூணு மேட்ச். சரித்திரத்த நேர்ல பாக்கலாம்னு ஜனம் டிக்கெட் எடுத்து வந்துச்சு, "டீம வித்துட்டு போ"ன்னு ஓனர பாத்து கத்துச்சு, சாக்ஸ் என்ன பண்ணாங்க, மூணையும் ஜெயிச்சுட்டாங்க. தோக்கணும்னு வந்தவனக் கூட ஏமாத்தின டீம்யா இது.

க்ரோஷே ட்ரேடும் மிச்சமும்

கேரெட் க்ரோஷே, 2024-ல முதல் தடவையா ஸ்டார்ட்டரா போட்டு 146 இன்னிங்ஸ்ல 209 ஸ்ட்ரைக்அவுட். டிசம்பர்ல அவன பாஸ்டனுக்கு கொடுத்து கைல் டீல், ப்ரேடன் மான்ட்கோமரி, சேஸ் மெய்ட்ராத், விகெல்மன் கொன்சாலஸ்னு நாலு பேர் எடுத்தாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி சேல கொடுத்த அதே ஊரு. "மறுபடியும் முதல்லேந்தா"ன்னு நிறைய ஃபேன்ஸ் தலைல அடிச்சுக்கிட்டாங்க, அதுலயும் பாஸ்டன் அவனுக்கு 17 கோடி டாலர் கான்ட்ராக்ட் போட்டு அவன் 2025-ல 18-5 எடுத்ததும் இன்னும் கத்தினாங்க. நான் ட்ரேட் சரின்னுதான் சொல்லுவேன். 41 மேட்ச் ஜெயிக்கிற டீம்ல ஏஸ் பிட்சர வெச்சு என்ன பண்றது? ராபர்ட்ட 2023-ல 38 ஹோம் ரன் அடிச்ச சூட்டோட விக்காம ரெண்டு வருஷம் இழுத்ததுதான் தப்பு. 14, அப்புறம் மறுபடி 14-னு ஹோம் ரன் இறங்கி, 2026 ஜனவரில மெட்ஸுக்கு போனப்போ கைக்கு வந்த பெரிய பேரு லூயிஸாங்கெல் அகுன்யா மட்டும்தான்.

தோத்தா நல்ல ட்ராஃப்ட் பிக்காவது வரும்னு மனச தேத்திக்க முடிஞ்சுதா, அதுவும் இல்ல. வருமானம் அதிகமா இருக்கிற டீம் ரெண்டு வருஷம் தொடர்ந்து லாட்டரில (மேல் ட்ராஃப்ட் பிக் யாருக்குன்னு குலுக்கிப் போடுறது) கலந்துக்க கூடாதுன்னு 2022 ஒப்பந்தத்துல ஒரு ரூல். சரித்திரத்துலயே மோசமான டீமுக்கு 2025-ல கிடைச்சது பத்தாவது பிக். அந்த ரூல் தெரிஞ்சிருந்தும் 2024 ரோஸ்டர அப்படி கட்டினதுக்கு கெட்ஸ்கிட்ட இன்னும் ஒழுங்கான பதில் இல்ல.

2025-ல வில் வெனபிள் மேனேஜரா வந்தார், 60-102. கேக்க கேவலமா இருக்கும், ஆனா 19 மேட்ச் கூட. ரூல் 5-ல (மத்த டீம் பாதுகாக்காத கீழ் லீக் ஆளுங்கள எடுக்கிற ட்ராஃப்ட்) சும்மா எடுத்த ஷேன் ஸ்மித் ஆல்-ஸ்டார் ஆனான். கோல்சன் மான்ட்கோமரி ஜூலைல வந்து 71 மேட்ச்ல 21 ஹோம் ரன் அடிச்சான். நடுவுல மே மாசம் புது போப் சாக்ஸ் ஃபேன்னு தெரிஞ்சு, 2005 வேர்ல்ட் சீரீஸ் டிவி ஃபுட்டேஜ்ல அவர் கேலரில உக்காந்திருக்கிறதயும் கண்டுபிடிச்சு ஊரே ஒரு வாரம் குஷியா திரிஞ்சுது, பிட்சிங்ல ஒரு மாற்றமும் தெரியல. ஜூன்ல முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவோட டீம விக்கிற ஒப்பந்தம் அறிவிச்சாங்க, 2029-லேந்து 2033 வரைக்கும் ரைன்ஸ்டார்ஃப் விரும்பினா விக்கலாம், 2034 சீசனுக்கு அப்புறம் இஷ்பியா விரும்பினா வாங்கிக்கலாம். டிசம்பர்ல லாட்டரி அடிச்சு 2026 ட்ராஃப்ட்ல முதல் பிக், கூடவே ஜப்பான்லேந்து முனெடகா முரகாமி ரெண்டு வருஷம் 3.4 கோடி டாலருக்கு.

இப்போ ஃபேன்ஸ் நடுவுல ஓடுற சண்டை கேட்சர் பத்தி. டீலும் எட்கர் குவேரோவும் ரெண்டு பேருமே இளசு, ரெண்டு பேருமே அடிக்கிறாங்க, ஒருத்தன வித்து பிட்சர் வாங்குன்னு பாதிப் பேர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்த ஊர்ல ஒருத்தனுக்கு முட்டி போனா அடுத்த நாள் யார் வந்து உக்காருவாங்கங்கிற கேள்விக்கு பதில் இருக்கிற ஒரே பொசிஷன் இப்போதைக்கு அதுதான், அதையும் ஏன் காலி பண்ணணும். பிட்சர் வேணும்னா ரைன்ஸ்டார்ஃப் செக் புக்க திறந்து வாங்கட்டும், பெனின்டெண்டி கான்ட்ராக்ட் 2027-ல முடியுது, அந்த 7.5 கோடி ரெக்கார்ட யாராவது உடைக்கட்டும்.